பொறி பறந்தால்தான் வள்ளம் நகரும்

மட்டாஞ்சேரிக்கு வரும் சுற்றுலாப் பயணிகள் பார்ப்பவை பெரும்பாலும் மூன்றே: டச்சு அரண்மனை என்று பெயர்பெற்ற, உண்மையில் போர்ச்சுக்கீசியர்கள் 1555 வாக்கில் கட்டிய மாளிகை, 1568இல் எழுந்த யூதர் ஆலயம், ஏலமும் மிளகும் மணக்கும் கடைத்தெரு. தெற்கே தோப்பும்படி மீன்பிடித் துறைமுகத்துக்கோ, அதையும் தாண்டிச் செல்லானம் கடற்கரைக்கோ போகிறவர்கள் குறைவு. அங்கே மூக்கில் ஏறுவது மீனும் மண்ணெண்ணெயும்தான்.

துடுப்பையும் பாயையும் நம்பியிருந்த கேரளத்து வள்ளங்களில் 1980களில் அவுட்போர்டு மோட்டார்கள் ஏறின. பெட்ரோலில் கிளப்பி, சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். கயிற்றைப் பிடித்து இழுத்தே கிளப்பும் இவற்றுக்குப் பாட்டரி தேவையில்லை. மின்சாரத்தைத் தருவது மேக்னெட்டோ. ஃப்ளைவீலின் உட்புறக் காந்தங்கள் காயிலைக் கடந்து சுழலும்போது மின்னோட்டம் பிறக்கிறது. சரியான கணத்தில் பாயிண்ட் திறந்து அந்த ஓட்டத்தை வெட்டினால், பல ஆயிரம் வோல்ட் அழுத்தத்தில் பிளக்கின் முனையில் பொறி தெறிக்கும்.

மண்ணெண்ணெயில் ஓடிய பழைய டிராக்டர்கள் பலவற்றிலும் இதே ஏற்பாடுதான். ஆனால் வயலில் டிராக்டர் நின்றால் ஓட்டுபவர் இறங்கி நடந்துவிடலாம். கடலில் அது நடக்காது.

பழைய மாடல்களில் பாயிண்டின் இடைவெளி ஏறத்தாழ 0.35 மில்லிமீட்டர். அது கூடினால் பொறி முந்திக்கொள்ளும்; இழுத்த கயிறு கையைத் திருப்பி உதறும். குறைந்தால் பொறி பிந்தும், இழுவை சோர்ந்துவிடும். கருகிய பாயிண்டை உப்புத்தாளால் லேசாகத் தேய்த்து, துடைத்து, ஃபீலர் கேஜ் வைத்துப் பார்த்து முடுக்க வேண்டும். பாயிண்ட் அடிக்கடி கருகினால் கண்டென்சரைச் சந்தேகிக்க வேண்டும். ஃப்ளைவீலைக் கழற்றப் புல்லர்தான் சரி. சுத்தியலால் அடித்தால் காந்தம் பலமிழக்கலாம், கிராங்க் தண்டு கெடலாம். உள்ளே இருக்கும் சிறு சாவி தேய்ந்திருந்தால், பாயிண்டை எவ்வளவு சரிசெய்தாலும் டைமிங் நிற்காது.

பிற்கால மோட்டார்களில் பாயிண்ட் கிடையாது. அந்த வேலையை எலக்ட்ரானிக் பெட்டி செய்கிறது. ஆனாலும் மின்சாரம் பிறப்பது அதே காந்தத்திலும் காயிலிலும்தான். உப்புக்காற்று இணைப்புகளில் பச்சை பூக்கவைக்கிறது. முழுதாக எரியாத மண்ணெண்ணெய் பிளக்கில் கரியாகப் படிகிறது. பிளக்கைக் கழற்றி, எஞ்சின் உடம்பில் ஒட்டிப் பிடித்துக் கயிற்றை இழுத்துப் பார்ப்பது மெக்கானிக்குகளின் பழைய சோதனை. நீலப் பொறி என்றால் நிம்மதி. மஞ்சளாக மினுங்கினால் வேலை இருக்கிறது.

இந்தப் பராமரிப்புக்கு அவசரம் கூடுவது மழைக்கு முன்பு. கேரளத்தில் 1988 முதல் மழைக்கால இழுவலைத் தடை இருக்கிறது. இப்போது அது 52 நாள். குமரி மாவட்டத்துத் தூத்தூர்ப் பக்கத்திலிருந்து வந்து தோப்பும்படியில் தொழில் செய்பவர்களின் பெரிய டீசல் படகுகளுக்குப் பிளக்கும் இல்லை, மேக்னெட்டோவும் இல்லை. வள்ளங்களுக்கோ தடையில்லை. ஆக, கடல் கொந்தளிக்கும் காலத்தில்தான் சின்ன மோட்டார்களுக்கு வேலை அதிகம். மானிய மண்ணெண்ணெய்க்கான மத்திய ஒதுக்கீடு சுருங்கிவிட்டதால், கெட்ட பொறியில் வீணாகும் ஒவ்வொரு லிட்டரும் வலிக்கிறது.

2023 ஏப்ரலில் தொடங்கிய வாட்டர் மெட்ரோவின் மின்சாரப் படகுகள் கொச்சிக் காயலில் சத்தமில்லாமல் போகின்றன. வெளிக்கடலுக்குப் போகும் வள்ளத்திலோ வலையோடு ஒரு பிளக் ஸ்பானரும் இரண்டு மாற்றுப் பிளக்குகளும் ஏறுகின்றன. அலைக்கு நடுவே எஞ்சின் நின்றால் கரை சேர்க்க வேண்டியவை அவைதான்.