தில்லைக் கோபுரங்களின் பூர்வோத்தரம்

கடலூருக்கு மேற்கே, கெடில நதிக்கரையில் உள்ள திருவயிந்திரபுரத்துத் தேவநாயகப் பெருமாள் கோயிலில், 1231ஆம் ஆண்டின் நிகழ்ச்சிகளைச் சொல்லும் கல்வெட்டு ஒன்று இருக்கிறது. சோழ சாம்ராஜ்யத்தின் அஸ்தமன காலத்தை எழுதப் புகுந்த சரித்திராசிரியர் எவரும் அதைத் தொடாமல் மேலே சென்றதில்லை. கோப்பெருஞ்சிங்கன் என்னும் காடவர் தலைவன் மூன்றாம் இராஜராஜ சோழனைப் பிடித்துச் சேந்தமங்கலத்தில் சிறைவைத்தான் என்றும், அவனுடைய படைகள் இராஜ்யத்தை அழித்ததோடு தேவாலயங்களையும் விஷ்ணு ஸ்தானங்களையும் பாழாக்கின என்றும், அதைக் கேட்டுக் கொதித்த போசள மன்னன் வீரநரசிம்மன் அப்பணன், சமுத்திர கோப்பையன் என்ற தண்டநாயகர் இருவரை ஏவிச் சோழனை மீட்டான் என்றும் அது விஸ்தாரமாகக் கூறுகிறது. தண்டநாயகர்கள் வழியில் சிதம்பரமாகிய தில்லையில் பொன்னம்பல தேவரைக் கும்பிட்டுச் சென்றார்கள் என்ற செய்தியும் அதிலேயே உண்டு.

இந்தக் கல்வெட்டைப் படித்த மனத்தோடு, அதே கோப்பெருஞ்சிங்கன் பெயரைத் தில்லைக் கோபுரங்களின் வரலாற்றில் கண்டபோது என் உள்ளத்தில் எழுந்த கேள்விதான் இந்தத் தேடலுக்குக் காரணம். கோயில்களை அழித்தவன் என்று கெடிலக் கரையில் கல்லிலே பழி சுமந்து நிற்கும் ஒருவன், ஏறக்குறைய 45 கிலோமீட்டர் தெற்கே, தமிழ்நாட்டுச் சைவர்கள் ‘கோயில்’ என்ற ஒரே சொல்லால் குறிக்கும் தலத்துக்குக் கோபுரம் எடுத்தவனாகவும் எப்படி இருக்க முடியும்? கோப்பெருஞ்சிங்கன் என்று ஒருவனே இருந்தான் என்பாரும், தந்தையும் மகனுமாக இருவர் என்பாரும் அறிஞருள் உண்டு. சோழனைச் சிறையிட்டவன் தந்தை, 1243இல் முடிசூடி 1279 வரை ஆண்டவன் மகன் என்னும் கொள்கையே பலருக்கும் உடன்பாடு. அப்படிக் கொண்டாலும், ஒரு தலைமுறைக்குள் ஒரு குடும்பத்தின் பெயர் இரண்டு ஊர்க் கற்களில் இப்படி எதிரெதிராக நிற்கும் விந்தை குறைந்துவிடாது. திருவயிந்திரபுரத்துக் கல்வெட்டு வென்றவர்களின் பக்கத்திலிருந்து வெட்டப்பட்டது என்பதை நாம் மறந்துவிடலாகாது.

1943இல் வெளிவந்த தென்னிந்தியக் கல்வெட்டுக்கள் பன்னிரண்டாம் தொகுதியில் கோப்பெருஞ்சிங்கனின் சாசனங்கள் ஒருசேரத் தொகுக்கப்பட்டிருக்கின்றன. சிதம்பரத்தில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்திலிருந்துகொண்டு பிற்காலச் சோழர் சரித்திரத்தை எழுதிய சதாசிவ பண்டாரத்தார் முதலியோர் வகுத்துத் தந்த வழியையும் துணையாகக் கொண்டு தேடியபோது, இரண்டு சாசனங்கள் என் கேள்விக்கு நேர் விடையாக வந்து நின்றன. ஒன்று செங்கற்பட்டுப் பக்கத்து ஆற்றூரில் உள்ளது. தில்லையில் சொக்கச்சீயன் என்னும் தன் பெயரால் தெற்கு வாயிலில் எழுநிலைக் கோபுரம் எடுப்பதற்காக, அவ்வூர் நிலங்களின் வருவாயைக் கோப்பெருஞ்சிங்கன் விட்டுக்கொடுத்ததை அது பதிவு செய்கிறது. மற்றொன்று தெலுங்கு நாட்டுத் திரிபுராந்தகத்தில், 1262இல் பொறிக்கப்பட்டது. நான்கு திக்கிலும் பகைவரை வென்று கொண்டுவந்த பொருளால் தில்லையின் கிழக்குக் கோபுரத்தை மேருவைப் போல எழுப்பினான் என்று அது அவனைப் புகழ்கிறது. ஆகவே தெற்கும் கிழக்கும் அவனுடையவை என்று முடிவு கட்டிவிடலாம் என்றே எனக்குத் தோன்றியது. ஆனால் கோபுரத்தின் அடியில் நின்று பார்க்காமல் சாசனத்தை மட்டும் நம்பி முடிவு செய்வது நியாயமன்று என்பதனால் சிதம்பரத்துக்குப் பிரயாணமானேன்.

கடலூர் முதுநகரைக் கடந்து, ஆலப்பாக்கம், புதுச்சத்திரம் வழியாக வெள்ளாற்றைத் தாண்டிச் செல்லும் அந்தப் பாதையில் கண்ணுக்கு எட்டிய தூரம் ஒரு குன்றோ பாறையோ தென்படாது. எங்கும் ஆறுகள் கொண்டுவந்து கொட்டிய வண்டல். வண்டலுக்கு மேல் நெல்வயல். இதை நான் இயற்கை வருணனையாகச் சொல்லவில்லை. கோபுரத்தின் கட்டடக் கலையைப் புரிந்துகொள்ள வேண்டுமானால் முதலில் இந்த மண்ணைப் பார்க்க வேண்டும். கல் கிடைக்காத ஊரில், ஈரம் கோத்துக்கொண்டு இளகும் நிலத்தில், ஏறக்குறைய 140 அடி உயரத்துக்குத் திசைக்கு ஒன்றாக நான்கு கோபுரங்களை நிறுத்துவதென்றால், ஒவ்வொரு கல்லும் மேற்கே பாறை உள்ள பிரதேசங்களிலிருந்து வண்டியேறி வந்தாக வேண்டும். வந்து சேர்ந்த பாரம் முழுவதையும் அந்த மெல்லிய நிலம் தாங்கியாகவும் வேண்டும்.

சிற்பிகள் இதற்குக் கண்ட உபாயம், கட்டடத்தையே இரண்டாகப் பிரித்துவிடுவது. அடியிலிருந்து பெருங்கொடுங்கை வரையில் சுத்தமான கருங்கல் வேலை. உபபீடம், அதிட்டானம், அதன்மேல் தெய்வ உருவங்கள் வைத்த கோஷ்டங்கள் இரண்டு வரிசை, அரைத்தூண்கள், கபோதம் என்று எல்லாம் செங்குத்தாக ஏறி அகன்ற மேடைபோல் முடிகின்றன. அதற்கு மேலுள்ள ஏழு நிலைகளும் செங்கல்லும் சுண்ணாம்பும். ஒவ்வொரு நிலையும் தனக்குக் கீழ் உள்ளதைவிடக் குறுகி உள்வாங்கிச் செல்வதனால், மேலே போகப் போகப் பாரம் குறைந்துகொண்டே போகிறது. உள்ளே கோபுரம் கூடாக இருக்கிறது. நிலைதோறும் நடுவில் விட்டிருக்கும் வாயில்கள் வெளிச்சத்துக்கும் காற்றுக்கும் மட்டுமல்ல, சுவரின் எடையைக் குறைப்பதற்கும் உதவுகின்றன. உச்சியில் வண்டிக்கூடு போன்ற சாலைச் சிகரமும், அதன் முகட்டில் வரிசையாகப் பதின்மூன்று கலசங்களும். நடுவழியின் இருபக்கத்தும் ஒரே கல்லாலான நெடிய நிலைகள் நிற்கின்றன. கல் அமுக்கத்தைத் தாங்கும், வளைவைத் தாங்காது. அதனால் குறுக்கு உத்தரத்தின் இருமுனைகளிலும் போதிகைகளை நீட்டி, இடைவெளியைச் சுருக்கி, உத்தரம் முறியாதபடி காத்திருக்கிறார்கள். பொறியியலின் பெயர் தெரியாமல் கணக்கையே கையில் வைத்திருந்தவர்கள் அவர்கள்.

செங்கல்லின் உயிர் சுண்ணாம்பில் இருக்கிறது. கோபுர வீதியில் சுதை வேலையில் கைதேர்ந்த முதியவர் ஒருவரைச் சந்தித்துச் சுண்ணாம்புச் சாந்து பதப்படுத்தும் முறையைக் கேட்டேன்.

“சுண்ணாம்பு நீத்துப் பல நாள் ஊறணும், ஐயா. கடுக்காயும் வெல்லமும் ஊறவச்ச தண்ணி விட்டு மாவா அரைக்கணும். விரல்ல எடுத்தா வெண்ணெய் மாதிரி வழுக்கணும். அவசரப்பட்டா ஒரே மழையில வெடிச்சுப்போகும்.”

“சிமெண்டு வைத்தால் என்ன?”

“வைக்கலாங்க, ஆனா உள்ள இருக்கிற பழஞ்செங்கல்லு அதோட சேராது. இது மூச்சு விடும், அது விடாது.”

ஈரத்தை வாங்கி வெளியே விடும் சுண்ணாம்பின் இயல்பை இதைவிடச் சுருக்கமாக எந்த ரசாயன நூலும் எனக்குச் சொன்னதில்லை.

இந்தப் பிரிவினை கோபுரங்களின் வயதைத் தேடுகிறவனுக்கு ஒரு பெரிய பாடம். கல்லுக்கு ஒரு வயது. செங்கல்லுக்கு வேறொரு வயது. கல்வேலை அப்படியே நிற்க, மேல்நிலைகள் பழுதுபட்டுப் பன்முறை புதுக்கப்பட்டிருக்கும். அப்படியிருக்க, ‘இந்தக் கோபுரத்தைக் கட்டியவன் யார்’ என்று ஒரே கேள்வியாகக் கேட்பது பொருந்தாது. ‘அடியை யார் வைத்தார், முடியை யார் முடித்தார்’ என்று இரண்டாகவே கேட்க வேண்டும். ஆக்ஸ்போர்டைச் சேர்ந்த ஜேம்ஸ் ஹார்ல் என்னும் கலையாராய்ச்சியாளர் 1963இல் தில்லைக் கோபுரங்களைப் பற்றியே ஒரு தனி நூல் எழுதியவர். கோஷ்டங்களின் அமைப்பையும் உருவங்களையும் ஒப்பிட்டு, நான்கில் மேற்குக் கோபுரமே மூத்தது, அது பன்னிரண்டாம் நூற்றாண்டினது என்ற முடிவுக்கு வந்தார். அதை முதலாம் சடையவர்மன் சுந்தரபாண்டியனுக்கு உரியதென்று சொல்லும் கட்சியும் வலுவாகவே இருக்கிறது.

தெற்குக் கோபுரத்தில் என் முதல் முடிவு தளர்ந்தது. சொக்கச்சீயன் பெயர் பெற்ற அந்தக் கோபுரத்தின் உள்வழியில் நின்று அண்ணாந்து பார்த்தால், விதானக் கல்லில் மீன்கள் பொறித்திருப்பதைக் காணலாம். மீன் பாண்டியருடைய இலச்சினை, காடவருடையது சிங்கம். சரித்திரத்தை நினைவுபடுத்திக்கொண்டால் இந்த முரண்பாடு ஒருவாறு தெளிகிறது. 1251இல் அரியணை ஏறிய சுந்தரபாண்டியன் சேந்தமங்கலத்தை முற்றுகையிட்டுக் கைப்பற்றிக் கோப்பெருஞ்சிங்கனை வென்றான். பிறகு நாட்டை அவனுக்கே திருப்பிக் கொடுத்துத் தனக்கு அடங்கியவனாக வைத்துக்கொண்டான். தில்லையில் துலாபாரம் ஏறி அம்பலத்தின் கூரைக்குப் பொன்வேய்ந்தான். காடவன் தொடங்கிய வேலை பாண்டியன் காலத்தில் நிறைவெய்தி, முடித்தவனுடைய முத்திரை முகட்டில் ஏறியிருக்க வேண்டும் என்பது என் துணிபு. வென்றவனும் தோற்றவனும் ஒரே வாயிலில் பெயர் பெற்று நிற்பதைக் கண்டபோது, திருவயிந்திரபுரத்துக் கல்லில் படித்த பகைமை என் மனத்தில் வேறொரு நிறம் கொண்டது.

கிழக்குக் கோபுரத்தின் கதை நெடியது. திரிபுராந்தகச் சாசனம் புகழ்ந்த அந்தக் கோபுரம் பின்னாளில் சிதைந்து, பச்சையப்ப முதலியாரின் (1754–1794) பொருளுதவியால் திருப்பணி கண்டது. அவர் வாழ்ந்த காலத்திலேயே இந்தக் கோயில் கோட்டையாகவும் ஆக்கப்பட்டது. 1781 ஜூன் மாதத்தில் ஹைதர் அலியின் காவற்படை உள்ளே இருக்க, ஸர் ஐர் கூட் தாக்கித் தோற்றுப் பின்வாங்கினார். ஜூலை 1ஆம் தேதி பக்கத்துப் பரங்கிப்பேட்டையில் பெரும்போர் நடந்தது. படைகள் வந்து போயின, கோபுரங்கள் நின்றன.

கிழக்கு, மேற்குக் கோபுரங்களின் உள்வழியில் உள்ள அரைத்தூண்களை நெருங்கிப் பார்க்காதவர் தில்லையைப் பார்த்தவர் ஆகார். ஒன்றன்மேல் ஒன்றாகச் சதுரச் சட்டங்கள். ஒவ்வொரு சட்டத்துக்குள்ளும் ஒரு நர்த்தகி. அவள் பக்கத்தில் சிறு உருவமாக மத்தளம் கொட்டுவோர். அவற்றோடு கிரந்த எழுத்தில் பரதரின் நாட்டிய சாஸ்திரத்துச் சுலோகம். அந்நூல் சொல்லும் ஆடல் அசைவுகளாகிய 108 கரணங்களுள் முதலாவதாகிய தலபுஷ்பபுடத்தில், இரு கைகளும் மலர் ஏந்துவது போலக் குவிந்து இடப்புறம் சேர்ந்திருக்க, உடல் மெல்லச் சாய்ந்து நிற்கிறது. விரலின் நுனி தேய்ந்திருந்தாலும் சாய்வின் கணக்கு தேயவில்லை. தஞ்சைப் பெரிய கோயிலின் மேல்தளத்தில் சிவபெருமானே ஆடுவதாக 81 கரணங்கள் செதுக்கப்பட்டு, எஞ்சிய கற்கள் வெறுமையாகவே விடப்பட்டன. தில்லையிலோ நூற்றெட்டும் முற்றுப்பெற்றன; ஆடுபவள் பெண்; இலக்கணமும் அருகிலேயே எழுதப்பட்டிருக்கிறது. 1914ஆம் ஆண்டின் சென்னைக் கல்வெட்டுத் துறை அறிக்கை இவற்றை வெளியிட்ட பிறகுதான் நாட்டிய சாஸ்திரத்தை ஏட்டில் படித்தவர்கள் அதன் நான்காம் அத்தியாயத்தைக் கண்ணாலும் படிக்கலாயினர். கோப்பெருஞ்சிங்கனுடைய பட்டங்களுள் ‘பரதம் வல்ல பெருமாள்’ என்பதும் ஒன்று. சிறைக்கூடத்தின் தலைவனாகவே இவனை அறிந்திருந்த நான், கிழக்கு வாயிலில் நின்றபோதுதான் ஆடற்கலையை அறிந்த அரசனாக இவனை எண்ணிப் பார்த்தேன்.

வடக்குக் கோபுரத்தின் கல்வேலை முன்னரே, ஏறக்குறைய 1300ஆம் ஆண்டை ஒட்டித் தொடங்கியது என்பர். அதன் மேல்நிலைகளை எழுப்பியவர் கிருஷ்ணதேவராயர். கஜபதியை வென்று, சிம்மாசலத்தைச் சேவித்து, பொட்டுநூரில் ஜயஸ்தம்பம் நாட்டித் திரும்பிய வெற்றியின் நினைவாக 1516இல் இதனைச் செய்ததாகச் சாசனம் உரைக்கிறது. கைகூப்பிய அவருடைய உருவம் கோபுரத்துக் கோஷ்டத்தில் இருக்கிறது. யாத்திரிகர்கள் அதைத் தேடிப் பார்க்கிறார்கள், நானும் பார்த்தேன்.

ஆனால் என்னை நெடுநேரம் நிறுத்தியவை அதே கோபுரத்தில் உள்ள வேறு நான்கு உருவங்கள். அவை அரசருடையவையல்ல, பெயர் பொறித்த ஸ்தபதிகளுடையவை. விருத்தகிரியைச் சேர்ந்த ஸ்தபதி ஒருவர், அவர் மகன் விசுவமுத்து, மற்றும் காரணாச்சாரி, அவருடைய உடன்பிறந்தவர் என நால்வர். தந்தையும் மகனும் ஒரு பக்கம், சகோதரர்கள் மறுபக்கம் என இரண்டு குடும்பங்கள் சேர்ந்து பார்த்த வேலை அது. மேருவோடு உவமித்துச் சாசனம் எழுதுவித்த மன்னர்கள் கொடுத்தது பொருள். உத்தரம் முறியாமல் போதிகையை எவ்வளவு நீட்டுவது, நிலைக்கு எத்தனை விரற்கடை உள்வாங்குவது என்று தீர்மானித்தவர்கள் இவர்களே. கட்டியவர் யார் என்ற என் கேள்விக்குக் கோபுரமே பெயர் சொல்லி விடையளித்த இடம் இது. நான்கு திசையிலும் வேறெங்கும் அப்படி ஒரு விடை எனக்குக் கிடைக்கவில்லை.

விருத்தகிரி என்பது விருத்தாசலம். அதுவும் நம் கடலூர்ச் சீமையே. வண்டல் முடிந்து கல் தலைகாட்டும் மேற்குப் பக்கத்து ஊர். மணிமுத்தாற்றங்கரையில் உள்ள பழமலைநாதர் கோயிலுக்குச் சென்று, கோபுரத்தின் உள்வழியில் நுழைந்தேன். அங்கும் அரைத்தூண்களில் சட்டம் சட்டமாகப் பரதரின் கரணங்கள் செதுக்கப்பட்டிருக்கின்றன. விசுவமுத்துவின் தந்தை இந்த ஊரிலிருந்து இந்த வித்தையைத் தில்லைக்கு எடுத்துச் சென்றாரா, அல்லது அவருடைய முன்னோர் தில்லையிலிருந்து இங்கே கொண்டுவந்தார்களா என்பதை அறிவதற்காக, இரண்டு கோயில்களின் சட்டங்களையும் ஒவ்வொன்றாக ஒப்பிட்டுக் குறிப்பெடுத்து வருகிறேன். தலபுஷ்பபுடத்திலிருந்து தொடங்கியிருக்கிறேன்.