பஸ் ஸ்டாண்டை மாத்திட்டாங்க!

நூறு கம்ப்யூட்டர்களை ஓரிடத்திலிருந்து நூல் கட்டி ஆட்டுவிக்கும் சாஃப்ட்வேர் ஒன்று உண்டு. பெயரே 'பப்பெட்'! லினக்ஸில் அதன் கட்டளை, எல்லோரும் புழங்குகிற பொது ஃபோல்டரில்தான் முன்பு இருந்தது. 2015-ல் நான்காம் பதிப்பு வந்ததும் ஐயா 'ஆப்ட்' ஃபோல்டருக்குள் 'பப்பெட்லேப்ஸ்' என்று தனிக்குடித்தனம் போய்விட்டார். காரணம்? ரூபி மொழியைச் சொந்தமாகவே கொண்டுவந்தார். ஏற்கெனவே வீட்டிலிருக்கும் ரூபியோடு சண்டை வரக்கூடாதே! அமைப்பு ஃபைல்களும் 'எட்சி'க்குள்ளேயே வேறு அறைக்கு மாறின.

பி.காம். படித்த எனக்கு இதைப் புரியவைத்தது திருநெல்வேலிதான். 2003-ல் வேய்ந்தான்குளத்தில் புது பஸ் ஸ்டாண்ட் வந்தது. அப்புறமும் ஜங்ஷனில் மூட்டையோடு நின்று, "ஏ ராசா, நாகர்கோவில் வண்டி எங்கன நிக்கும்?" என்று கேட்ட ஆச்சிகள் எத்தனை பேர்!

ஆபீஸில் புதுப் பதிப்புக்கு மாறிய வருஷம் என் அக்கா மகனுக்கும் அதே கதை. "மாமா, யாரோ எப்பவோ எழுதிவச்ச ராத்திரி வேலை, பழைய விலாசத்தையே தேடிட்டு இருந்துச்சு. மூணு நாளா ஒரு மெஷினும் அப்டேட் ஆகல. ஒருத்தரும் கவனிக்கல!" பொங்கல் லீவு போச்சு.

இடம் மாறட்டும், நல்லதுதான். மாறுமுன், பழைய இடத்தை நம்பி யார் யார் நிற்கிறார்கள் என்று ஒரு பட்டியல் போடுங்கள் சார். ஆச்சியாவது வாய்விட்டுக் கேட்பாள், கம்ப்யூட்டர் கேட்காது!