எங்கள் பசாருக்கு ஒரு குரல்

நோன்பு மாதத்தில் கொழும்பிலிருந்து வானொலியில் மஃரிப் பாங்கு ஒலிக்கும்போது, நிந்தவூரில் நாங்கள் நோன்பு திறந்து ஏழெட்டு நிமிடங்கள் ஆகியிருக்கும். கிழக்குக் கரையில் இருக்கும் எங்களுக்குச் சூரியன் முந்தி உதித்து முந்தி மறைகின்றது. எனவே வானொலியை ஒரு பக்கம் வைத்துவிட்டு ஊர்ப் பள்ளிவாசலின் பாங்குக்கே காது கொடுத்திருப்போம். நேரத்தில் உள்ள இந்த வித்தியாசத்தைப் பள்ளிவாசல் சரிசெய்து விடுகின்றது. நெல் விலையில், மீன் விலையில், பாய் விலையில், எங்கள் கடைத்தெருவில் யாரிடம் என்ன இருக்கின்றது என்பதில் உள்ள வித்தியாசத்தை எங்களுக்கு யார் சொல்வது? சகோதரிகளே, உள்ளூர் வானொலி பற்றி எழுத வேண்டும் என்று எனக்குத் தோன்றியது இந்தக் கேள்வியினால்தான்.

வானொலி என்றதும் பலருக்கும் பாட்டுத்தான் நினைவுக்கு வரும். எனக்கு அப்படியல்ல. 1990ஆம் ஆண்டு வயலுக்குப் போன என் கணவர் ஜனாஸாவாகத்தான் வீட்டுக்கு வந்தார். கையில் ஒன்று, காலைச் சுற்றிக்கொண்டு ஒன்றாக இரண்டு பிள்ளைகள். நான்கு மாதமும் பத்து நாளும் இத்தா இருந்தேன். அந்த நாட்களில் எனக்கு வெளியுலகம் என்று இருந்தது வாப்பாவின் பழைய ரேடியோப் பெட்டி மட்டுமே. எங்கே ஊரடங்குச் சட்டம், எந்தப் பாதை மூடப்பட்டுள்ளது என்பதையெல்லாம் அது சொன்னது. ஆனால் ஐந்தாறு மைலுக்கு அப்பால் இருக்கும் கல்முனைச் சந்தை இன்று கூடியதா இல்லையா என்பதை ஒரு நாளும் சொன்னதில்லை. அதை வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்துச் சொன்னவர் பக்கத்து வீட்டு ராத்தா.

இத்தா முடிந்ததும் பாய் இழைக்கத் தொடங்கினேன். பன் வாங்கிக் காயவைத்து, சாயம் காய்ச்சி, இழைத்து முடிப்பது உம்மாவிடம் கற்ற தொழில். வியாபாரி ஒருவர் வீடு தேடி வருவார். அவர் சொல்வதுதான் விலை. "கல்முனையில போகுதில்ல தங்கச்சி, பிளாஸ்டிக் பாய் வந்துட்டு" என்பார். நான் நம்பினேனா இல்லையா என்பது வேறு விடயம், சரிபார்க்க வழியில்லை. விதவைப் பெண் பசாருக்குப் போய்க் கடை கடையாக விலை கேட்டுத் திரிவதை அன்று யார் ஏற்றுக்கொண்டார்கள்? யுத்தமும் சுனாமியும் வந்துபோன பின்னர், எங்கள் பகுதி வானொலி ஒன்றில் பகல் நேர நிகழ்ச்சியொன்றைக் கேட்டுக்கொண்டே இழைத்துக்கொண்டிருந்தேன். தொலைபேசியில் பேசிய பெண்ணொருத்தி, மகளின் கலியாணத்துக்காகக் கல்முனையில் சாயப்பாய் ஒன்றை 550 ரூபாவுக்கு வாங்கியதாகப் பேச்சோடு பேச்சாகச் சொன்னாள். அதே அளவுப் பாய்க்கு எனக்குக் கிடைத்துக்கொண்டிருந்தது 300 ரூபா. அடுத்த முறை வந்த வியாபாரியிடம் 450 கேட்டேன். "ரேடியோ கேக்கிறீங்க போல" என்றார் அவர். 425க்கு முடிந்தது. அந்தப் பெண்ணுக்கு நான் யாரென்று தெரியாது. அவளுடைய ஒரு வாய்ப்பேச்சினால் பாய்க்கு 125 ரூபா எனக்குக் கூடிற்று.

எங்கள் பசார் எப்படி ஓடுகின்றது என்பதையும் சொல்ல வேண்டும். நிந்தவூர்க் கடைகள் பிரதான வீதியின் இரு மருங்கிலும் நீண்டு கிடக்கின்றன. அன்றாடச் சாமானுக்கு அவை போதும். கலியாணப் புடவை, நகை, தளபாடம் என்றால் காரைதீவையும் சாய்ந்தமருதையும் தாண்டிக் கல்முனைக்குப் போவோம். அங்கே சம்மாந்துறை விவசாயியும் வருவார், காரைதீவுத் தமிழ்ச் சகோதரியும் வருவாள், கரைவலைக்காரரும் வருவார். இந்தப் பசாரின் நாடி நெல்லில் இருக்கின்றது. பெப்ரவரி, மார்ச்சில் மாரிப்போக வேளாண்மை வெட்டி, பின்னர் ஆகஸ்ட், செப்டெம்பரில் சிறுபோகம் வெட்டிக் காசு கைக்கு வந்தால்தான் புடவைக் கடையில் கூட்டம், நகைக்கடையில் அடகு மீட்பு. 2021இல் இரசாயனப் பசளையைத் தடை செய்தபோது விளைச்சல் விழுந்தது. வயலில் விழுந்தது கடைத்தெருவிலும் விழுந்தது. கொழும்பில் இருந்து விளம்பரம் செய்கின்றவர்களுக்குச் சித்திரை வருடப்பிறப்பும் நத்தாரும் தெரியும். சம்மாந்துறையில் எப்போது சூடு மிதிக்கின்றார்கள் என்பது தெரியுமா? அது தெரிந்த வானொலிதான் எங்கள் கடைக்காரருக்குப் பயன்படும்.

இந்த நாட்டில் வானொலி 1925 டிசம்பர் 16ஆம் திகதி கொழும்பில் தொடங்கியது. 1950இல் வர்த்தக சேவை வந்தது. பெயரிலேயே வர்த்தகம் இருந்தது. தமிழ்நாட்டுச் சனங்களும் அதை விரும்பிக் கேட்டதால் அங்குள்ள வியாபாரிகளும் அதற்கு விளம்பரம் கொடுத்தார்கள். தொண்ணூறுகளில் தனியார் வானொலிகள் வரத் தொடங்கின. 1998இல் சூரியனும் சக்தியும் வந்தபோது எங்கள் பிள்ளைகளுக்குக் கொண்டாட்டம். நானும் கேட்டவள்தான், குறை சொல்லவில்லை. ஆனால் அவை கொழும்பில் இருந்து முழு நாட்டுக்கும் பேசுபவை. அதில் அரை நிமிடத்தைக் காசு கொடுத்து வாங்கினால் மன்னாரிலும் ஹட்டனிலும் உள்ள காதுகளுக்கும் சேர்த்துத்தான் காசு கொடுக்க வேண்டும். நிந்தவூரில் அலுமாரி செய்து விற்பவருக்கு ஹட்டனில் இருந்தா ஆள் வரப்போகின்றது? அதனால் அவர் ஆட்டோவில் ஒலிபெருக்கியைக் கட்டி அனுப்புகின்றார். அது வாசலைக் கடக்கும்போது பாதி வசனந்தான் கேட்கும். தூங்கும் குழந்தை எழும்பிவிடும் என்பது தனிக் கதை.

இலங்கை ஒலிபரப்புக் கூட்டுத்தாபனத்தின் பிராந்திய ஒலிபரப்பாக அட்டாளைச்சேனையில் இருந்து பிறை எப்.எம். ஒலித்தபோது, பாலமுனை, ஒலுவில், மாளிகைக்காடு என்று எங்கள் ஊர்ப் பெயர்களை வானொலியில் கேட்டோம். ஊர்ப் பெயரைக் கேட்பதால் வயிறு நிறையுமா என்று சிலர் சிரித்தார்கள். நிறையும் என்பேன். ஊர்ப் பெயர் வருகின்ற இடத்தில் கடைப் பெயர் வரும், கடைப் பெயர் வருகின்ற இடத்தில் விலை வரும். விலை தெரிந்த பெண்ணை வாசலில் வைத்து ஏமாற்றுவது கடினம்.

உள்ளூர் வானொலிக்குச் சோறு போடுவது உள்ளூர்க் கடை. ஒரு புடவைக் கடை, ஒரு மருந்துக் கடை, ஒரு அரிசி ஆலை என்று சிறுசிறு தொகையாகச் சேர்ந்தால்தான் அறிவிப்பாளருக்குச் சம்பளம். அந்தக் கடைகள் இருந்த இடத்தில் கொழும்பு நிறுவனங்களின் கிளைகள் வந்துவிட்டால், பலகை மட்டுந்தான் எங்கள் வீதியில் இருக்கும். எந்த வானொலிக்கு விளம்பரம் கொடுப்பது என்பதைக் கொழும்பில் இருப்பவரே தீர்மானிப்பார். காசு குறைந்த வானொலி ஆட்களைக் குறைக்கும். ஆள் இல்லாத நேரத்தில் கணினியில் இருந்து பாட்டு ஓடும். பாட்டுக்காக எவரும் ஊர் வானொலியைத் தேட மாட்டார்கள், அதற்குப் போன் இருக்கின்றது. கேட்பவர் குறைந்தால் மிஞ்சியிருக்கும் கடைக்காரரும் விளம்பரத்தை நிறுத்துவார். இதில் முதலில் அடிபடுவது கடைக்காரரல்லர். அவருக்கு வீதியில் ஒரு கதவாவது உண்டு. வீட்டில் இருந்து பாய் இழைப்பவள், இடியப்பம் அவிப்பவள், தைப்பவள், மா இடித்துக் கொடுப்பவள் ஆகிய எங்களுக்குக் கதவு வீட்டுக்குள்ளேதான் இருக்கின்றது.

"இப்போது எல்லாரும் போனில்தானே விற்கின்றார்கள்" என்று என் மகளே கேட்கின்றாள். அவள் சொல்வதிலும் நியாயம் உண்டு. முகநூலில் அபாயா விற்றுக் குடும்பம் நடத்தும் பெண்கள் எங்கள் ஒழுங்கையிலேயே இருக்கின்றார்கள், நல்லதுதான். ஆனால் 2019 ஏப்ரலில் நடந்ததை நான் மறக்கவில்லை. உயிர்த்த ஞாயிறன்று குண்டுகள் வெடித்தன. ஐந்தாம் நாள் இரவு எங்களுக்குப் பக்கத்திலேயே சாய்ந்தமருதிலும் வெடித்தது. கல்முனை, சம்மாந்துறை, சவளக்கடைப் பொலிஸ் பிரிவுகளில் ஊரடங்கு. அந்த நாட்களில் முகநூல், வாட்ஸ்அப் எல்லாவற்றையும் அரசாங்கம் முடக்கியிருந்தது. போன் கையில் இருந்தும் ஊமையாக இருந்தது. வதந்தி மட்டும் முடங்கவில்லை, அது வேலிக்கு மேலால் நடந்தே வந்தது. அப்போது வீட்டில் பேசிக்கொண்டிருந்தது வானொலி ஒன்றுதான்.

அதற்குப் பின்னர் முஸ்லிம் கடைகளில் வாங்க வேண்டாம் என்ற பேச்சு நாடெங்கும் கிளம்பியது. தமிழ், முஸ்லிம் கிராமங்கள் ஒன்று விட்டு ஒன்றாக இருக்கும் எங்கள் கரையில் இப்படிப்பட்ட பேச்சு இரு பக்கத்தாரின் வயிற்றிலும் அடிக்கும். எங்கள் மீனை வாங்குபவளும் அவளுடைய மரக்கறியை வாங்கும் நாங்களும் எங்கே போவது? இரு பக்கத்தாரும் கேட்கும் ஒரு ஒலிபரப்பில் காரைதீவுப் பெண்ணொருத்தியும் நிந்தவூர்ப் பெண்ணொருத்தியும் அன்றைய சந்தை விலையை ஆளுக்கு ஐந்து நிமிடம் வாசித்திருந்தால், சமாதானக் கூட்டங்களை விட அது கூடுதலாக வேலை செய்திருக்கும் என்பது என் எண்ணம். சமாதானக் கூட்டங்களுக்குப் போய்த் தேநீர் குடித்து வந்தவள் என்ற முறையில் சொல்கின்றேன்.

2022இல் பதின்மூன்று மணித்தியாலம் வரை மின்சாரம் நின்ற நாட்களும் வந்தன. அரிசி, பால்மா, எரிவாயு விலைகள் காலையில் ஒன்றும் மாலையில் ஒன்றுமாக இருந்தன. போன்கள் சார்ஜ் இல்லாமல் கிடந்தன. சின்னப் பற்றரி இரண்டு போட்ட ரேடியோவை வைத்திருந்த வீட்டுக்கு ஒழுங்கைப் பெண்கள் வந்து குந்தியிருந்து செய்தி கேட்டார்கள். கொழும்பில் எரிவாயு வந்ததைத்தான் கேட்டோம், எங்களூருக்கு லொறி எப்போது வரும் என்பதைச் சொல்ல அதில் எவரும் இருக்கவில்லை.

மற்றைய இடங்களில் எப்படி என்று பார்த்தால், முதலில் எங்கள் நாட்டிலேயே கொத்மலை இருக்கின்றது. 1989இல் அங்கே சமூக வானொலி தொடங்கியது. தொண்ணூறுகளின் இறுதியில் யுனெஸ்கோ உதவியுடன் இணையமும் சேர்ந்தபோது, கிராமத்தவர் கேட்கும் கேள்விகளுக்கு அறிவிப்பாளர்கள் இணையத்தில் தேடி ஒலிபரப்பிலேயே விடை சொன்னார்கள். ஆனால் அதுவும் அரச கூட்டுத்தாபனத்தின் கீழேதான். ஊரார் தாமாகச் சேர்ந்து ஒரு வானொலி நடத்துவதற்குத் தனியான அனுமதி முறை இலங்கையில் உருவாகவில்லை. இந்தியாவில் 2006இல் தொண்டு நிறுவனங்களும் சமூக வானொலி நடத்தலாம் என்று விதி வந்தது. 2008இல் அன்றைய ஆந்திராவின் மேடக் மாவட்டத்தில் தலித் பெண்கள் சங்கம் ரேடியோவைத் தொடங்கினார்கள். விதை, பயிர், தங்கள் பாட்டு, தங்கள் பேச்சு என்று அவர்களே நடத்துகின்ற ஒலிபரப்பு அது. 2016இல் பாம்பனில் மீனவருக்காகக் கடல் ஓசை வந்தது. பாம்பன் எங்களைப் போலவே வலையும் படகுமாக வாழும் கரைதான். அங்கே விளம்பரத்துக்கு மணித்தியாலத்துக்கு 7 நிமிடம் என்று இருந்த எல்லையை 2024இல் 12 நிமிடமாக உயர்த்தினார்கள். உதவிப் பணத்தை மட்டும் நம்பினால் வானொலி நிலைக்காது, பசாரின் காசும் வேண்டும் என்பதை அவர்களும் கண்டிருக்கின்றார்கள். நோர்வேயில் 2017இல் தேசிய வானொலிகள் எல்லாம் எப்.எம். அலைவரிசையை விட்டு டிஜிட்டலுக்குப் போயின, உள்ளூர் வானொலிகள் பல எப்.எம்.மிலேயே தங்கின. பணக்கார நாட்டிலேயே அப்படி என்றால் எங்கள் ரேடியோப் பெட்டியை இப்போதே ஆக்கருக்குப் போட வேண்டியதில்லை.

சுனாமிக்குப் பின்னர் எங்கள் கரைக்கு எத்தனையோ திட்டங்கள் வந்தன. ஆகக்கூடுதலான உயிர்களை இழந்தது அம்பாறை மாவட்டம் என்பதால் எல்லாரும் வந்தார்கள். தையல் இயந்திரம் தந்தார்கள், கோழி தந்தார்கள், பயிற்சி தந்தார்கள். தைத்ததை எங்கே விற்பது என்பதைத் தரவில்லை. திட்டக் காலம் முடிந்ததும் பெயர்ப்பலகை துருப்பிடித்தது. எனவே இன்னொரு திட்டமாக வானொலி வேண்டும் என்று நான் கேட்க மாட்டேன். இருக்கின்ற பிராந்திய ஒலிபரப்பில் காலையில் பதினைந்து நிமிடம் போதும். கல்முனைச் சந்தை, சம்மாந்துறை நெல், கரையில் இறங்கிய மீன், வீட்டில் பெண்கள் செய்த பொருட்கள் ஆகியவற்றின் விலை. அதை வாசிப்பவள் பெண்ணாக இருக்க வேண்டும், எங்கள் பேச்சில் வாசிக்க வேண்டும். செலவைக் கடைக்காரர்கள் கிழமைக்கு இவ்வளவென்று பகிர வேண்டும்.

இதை எங்கள் கடன் குழுக் கூட்டத்தில் பேசினோம். முதலில் யாரிடம் ரேடியோ இருக்கின்றது என்று ஒழுங்கை ஒழுங்கையாகப் பார்த்தோம். பெட்டி ரேடியோ பாதி வீட்டிலும் இல்லை. ஆனால் ஆட்டோக்களில் பாடிக்கொண்டே இருக்கின்றது. வயது போன பெண்களின் பட்டன் போனிலும் எப்.எம். இருக்கின்றது, காதில் மாட்டும் வயரைச் செருகினால்தான் பிடிக்கும் என்பது பலருக்குத் தெரியவில்லை. இரண்டு பிள்ளைகள் வீடு வீடாகப் போய்ச் செருகிக் காட்டினார்கள். பிறகு நாங்கள் நான்கு பேர் பிரதான வீதியில் கடைகளுக்குப் போனோம். மூன்று முதலாளிமார் யோசித்துச் சொல்வதாகச் சொன்னார்கள். இரும்புக் கடைக் காக்கா மட்டும் ஒரு கேள்வி கேட்டார். "என்ட கடை விலையச் சொன்னா, பக்கத்துக் கடைக்காரன் ஒரு ரூபா கொறச்சுச் சொல்வானே, ராத்தா?"

"சொல்லட்டுமே, காக்கா. வாங்குறது நாங்கதானே" என்றாள் எங்களோடு வந்த இளையவள். அவர் சிரித்துவிட்டு, முதல் மாதத்துக்கு எவ்வளவு என்று கேட்டார். வருகின்ற வியாழக்கிழமை தொகையை எழுதிக்கொண்டு மறுபடியும் போகின்றோம்.