தேதி இல்லாத பிளாஸ்டர்

விடியற்காலை மூன்று மணிக்குக் காந்தி மார்க்கெட்டைப் பார்த்திருக்கிறீர்களா? திருச்சிக்காரர்களிலேயே பல பேர் பார்த்திருக்க மாட்டார்கள். நான் பார்த்திருக்கிறேன். என் அப்பா அங்கே மூட்டை தூக்குகிறவர். லாரியிலிருந்து இறங்கும் மூட்டைகளில் மையால் ஏதாவது கிறுக்கியிருக்கும். யார் சரக்கு, எந்தக் கடைக்கு என்று. எழுத்து இல்லாத மூட்டையை அப்பா லேசில் தோளில் ஏற்ற மாட்டார். "எழுத்து இல்லன்னா அது யாரு மூட்டையும் இல்ல பாப்பா. தொலைஞ்சா நம்ம தலையிலதான் விடியும்" என்பார்.

அந்த அப்பாவைக் காய்ச்சலுக்காக ஒரு மருத்துவமனையில் சேர்த்திருந்தோம். (பெயர் வேண்டாம்.) காய்ச்சல் நாலு நாளில் விட்டது. ஆனால் டிரிப்ஸ் ஏற்ற வலது கையில் போட்ட வென்ஃப்ளான் இருந்த இடம் சிவந்து வீங்கி, ரத்தக்குழாய் கயிறு மாதிரி கெட்டியாகிவிட்டது. ஃபிளபைட்டிஸ் என்போம், சிரை அழற்சி. வீட்டுக்கு வந்த பிறகும் இரண்டு வாரம் அவரால் மூட்டை தூக்க முடியவில்லை. தினக்கூலி வாங்கும் வீட்டில் இரண்டு வாரம் என்றால் என்ன என்று நான் விளக்க வேண்டியதில்லை.

பிளாஸ்டரைப் பிரித்தபோதுதான் கவனித்தேன், ஊசி எந்த நாளில் போட்டது என்று அதில் எழுதவே இல்லை. மூட்டைக்கு இருக்கிற எழுத்து அப்பா கைக்கு இல்லை. இதில் வெட்கப்பட வேண்டியது என்னவென்றால், நான் ஒரு நர்சிங் மாணவி. நாலு நாளும் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். நானும் பார்க்கவில்லை.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். இந்திய நர்சிங் கவுன்சில் 2021-ல் கொண்டுவந்த புதிய பாடத்திட்டப்படி பி.எஸ்சி. நர்சிங்கில் கடைசி செமஸ்டர் முழுக்க இன்டர்ன்ஷிப். 22 வாரம் நேரடிப் பணியிலேயே இருக்க வேண்டும். அப்போது ஒரு தர மேம்பாட்டுப் பணி செய்யச் சொன்னார் எங்கள் மேடம். மற்றவர்கள் தலைப்புத் தேடிக்கொண்டிருக்க, எனக்குத் தேட வேலையே இருக்கவில்லை.

தர மேம்பாடு என்றதும் ஏதோ பெரிய ஆராய்ச்சி என்று நினைக்க வேண்டாம். உலக சுகாதார நிறுவனத்தின் தென்கிழக்கு ஆசியப் பிரிவும் டில்லி எய்ம்ஸும் சேர்ந்து இதற்கென்றே ஒரு எளிய கையேடு தயாரித்திருக்கின்றன. நாலே படிகள். பிரச்சினையைத் தேர்ந்தெடுத்துக் குழு அமைப்பது, காரணத்தை ஆராய்ந்து அளப்பது, சின்னச் சின்ன மாற்றமாகச் செய்து பார்ப்பது, பலன் தந்ததை நிலைக்க வைப்பது. அளந்து பார்ப்பது நர்சுகளுக்குப் புதிதும் இல்லை. 1854-ல் ஸ்குட்டாரி போர்க்கால மருத்துவமனைக்குப் போன ஃபுளோரன்ஸ் நைட்டிங்கேல், சிப்பாய்கள் காயத்தைவிட நோயால்தான் அதிகம் செத்தார்கள் என்பதை 1858-ல் வரைபடமாகவே போட்டுக் காட்டினார். நாம் அவர் கையிலிருந்த விளக்கை மட்டும் ஞாபகம் வைத்துக்கொண்டோம்!

நானும் இரண்டு தோழிகளும் முதல் நாள் எங்கள் வார்டில் படுக்கை படுக்கையாகப் போய் எண்ணினோம். பாதிக்கும் மேற்பட்ட பிளாஸ்டர்களில் தேதி இல்லை. எனக்குக் கோபம் வந்தது. "ஊசி போட்டா தேதி எழுதவும்" என்று வண்ணத்தில் ஒரு போஸ்டர் எழுதி ஒட்டினோம். ஒரு வாரம் கழித்து மறுபடி எண்ணினால் அதே நிலைதான்.

அப்புறம்தான் மேடம் சொன்னபடி, ஊசி போடும் சிஸ்டர்கள் பக்கத்தில் சும்மா நின்று பார்த்தோம். கையில் கிளவுஸ். ஒரு கை நோயாளியின் கையைப் பிடித்திருக்கிறது. பேனா இருப்பதோ வார்டின் அந்தக் கோடியில் மேஜை மேல். அங்கே போவதற்குள் இன்னொரு படுக்கையில் "சிஸ்டர்!" என்று கூப்பிடுகிறார்கள். அவ்வளவுதான், தேதி போயே போச்சு. சீனியர் சிஸ்டர் ஒருவர் சிரித்துக்கொண்டே சொன்னார்: "போஸ்டர் படிக்கத் தெரியாமலா எழுதாம இருக்கோம்? பேனா எங்கம்மா இருக்கு?"

எனக்குக் கள்ளிக்குடி ஞாபகம் வந்தது. நெரிசலைக் குறைக்க மதுரை சாலையில் பெரிய காய்கறி வணிக வளாகம் கட்டி 2017-ல் திறந்தார்கள். தூரம், கடை சிறியது என்று சொல்லிக் காந்தி மார்க்கெட் வியாபாரிகள் அங்கே போக மறுத்துவிட்டார்கள். வேலை செய்கிறவரைக் கேட்காமல் செய்தால் கட்டடத்துக்கும் அதே கதி, எங்கள் போஸ்டருக்கும் அதே கதி.

அடுத்த வாரம் ஐ.வி. டிரேயிலேயே ஒரு மார்க்கர் பேனாவை நூல் கட்டித் தொங்கவிட்டோம். பிளாஸ்டரில் முதலிலேயே தேதி எழுதிவிட்டு அப்புறம் ஊசி போடலாம் என்று யோசனை சொன்னது அந்தச் சீனியர் சிஸ்டர்தான். டியூட்டி மாறும்போது ஊசி இடத்தைப் பார்த்து 0 முதல் 5 வரை மதிப்பெண் போடும் வி.ஐ.பி. முறையையும் சேர்த்துக்கொண்டோம். சிவப்பு, வலி, வீக்கம் என்று கூடக் கூட எண் கூடும். 2 வந்தால் ஊசியை எடுத்து வேறு இடத்தில் போட வேண்டும். இதெல்லாம் எங்கள் பாடப் புத்தகத்தில் இருப்பதுதான். அடுத்தடுத்து எண்ணியபோது தேதி இல்லாத பிளாஸ்டரைத் தேட வேண்டியதாயிற்று.

இன்டர்ன்ஷிப் முடிந்து ஒரு மாதம் கழித்து ஒரு சான்றிதழ் வாங்கப் போனேன். மனசு கேட்காமல் வார்டுக்குள் எட்டிப் பார்த்தேன். மார்க்கர் காணோம், நூல் மட்டும் தொங்கியது. சில பிளாஸ்டர்களில் சாதாரணப் பேனாவால் தேதி எழுதியிருந்தது, சிலவற்றில் இல்லை. நாலாவது படிதான் கஷ்டம் என்று மேடம் சொன்னது இதைத்தான். மாணவிகள் 22 வாரத்தில் போய்விடுவோம், வார்டு அங்கேயே இருக்கும். புதிதாக வந்திருந்த ஜூனியரிடம் நூலைக் காட்டிக் கதையைச் சொல்லிவிட்டு, என் பையில் இருந்த மார்க்கரைக் கட்டிவிட்டு வந்தேன்.

உங்கள் வீட்டில் யாராவது மருத்துவமனையில் இருந்தால் கையில் இருக்கும் பிளாஸ்டரை ஒரு தடவை பாருங்கள். தேதி இல்லையென்றால், "சிஸ்டர், இது என்னிக்குப் போட்டது?" என்று பணிவாகக் கேளுங்கள். டிரிப்ஸ் முடிந்த பிறகும் ஊசி இருந்தால், இன்னும் தேவையா என்றும் கேளுங்கள். கோபித்துக்கொள்ள மாட்டோம்.