நனையாத இலை

மூன்று வருஷங்களுக்கு முன் இதே பக்கங்களில் ஒரு நண்பரின் தொகுப்பைப் பற்றி எழுதுகையில், ‘அனுபவத்தில் நனையாத கவிதைகள்’ என்று சொன்னேன். வாக்கியம் எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது. அவர் பதில் எழுதவில்லை. அதற்குப் பிறகு கவிதையும் எழுதவில்லை.

போன வருஷம் ஏற்காட்டில் ஒரு நர்சரியில் மெய்டன்ஹேர் பெரணி ஒன்று வாங்கினேன். கறுத்து மெலிந்த காம்பு; சின்னச் சின்ன விசிறிகளாய் இலை. தாவரவியலில் இதன் பெயர் அடியாண்டம். நனையாதது என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது. இலை மேல் தெளித்த தண்ணீர் முத்து முத்தாய் உருண்டு ஓடிவிடும். என் வாக்கியத்துக்குச் சாட்சி கிடைத்துவிட்டதாகவே முதலில் நினைத்தேன்.

வளர்க்கத் தொடங்கியதும் விஷயம் வேறாக இருந்தது. வெயில் நேரே படக் கூடாது, இருட்டும் ஆகாது. வடக்கு ஜன்னலோரம் வைத்தேன். இலைமக்கும் கரித்துண்டும் கலந்த மண். ஈரம் எப்போதும் இருக்க வேண்டும், தேங்கக் கூடாது. கூழாங்கல்லும் தண்ணீருமாக ஒரு தட்டு, அதன் மேல் தொட்டி. சுற்றியுள்ள காற்றுக்கும் ஈரம் வேண்டியிருக்கிறது. பழைய கிணறுகளின் உட்சுவரில், காரை இடுக்கில், இதன் இனத்தது ஒன்று யாரும் பராமரிக்காமலே தொங்குவதைச் சிறுவயதில் பார்த்திருக்கிறேன். கிணறு செய்ததைத்தான் நான் தட்டு வைத்துச் செய்துகொண்டிருந்தேன்.

இதற்குப் பூ இல்லை, விதை இல்லை. இலையின் ஓரம் கீழே மடிந்து, அந்த மடிப்புக்குள் வித்துத்தூள். தூள் விழுந்த இடத்தில் முதலில் முளைப்பது இதய வடிவில் ஒரு சின்னப் பச்சைத் தகடு. அதனடியில் தண்ணீர்ப் படலம் இருந்தால்தான் ஆணணு நீந்திப் போய்ச் சேரும், அப்புறம்தான் பெரணி. நனையாத இலையைக் கண்டு, செடிக்கே ஈரத்தோடு சம்பந்தமில்லை என்று தீர்ப்புச் சொன்னவன் நான்.

மார்ச் கடைசியில், பாங்கில் வருஷக் கணக்கு முடிக்கும் அமளியில், மூன்று நாள் தண்ணீர் ஊற்ற மறந்தேன். இலைகள் முறுகிக் காகிதமாகிவிட்டன. காம்புகளை மண்ணோடு ஒட்ட வெட்டிவிட்டு, ஈரத்தை மட்டும் விடாமல் காத்தேன். சில வாரங்களில் சுருள் சுருளாய்த் தளிர் வந்தது.

நண்பருக்குக் கடிதம் போட்டேன். அந்த வாக்கியத்தை எழுதியபோது இலையை மட்டுமே பார்த்தேன் என்று. இதுவரை பதில் இல்லை. செடியைப் போல மனிதரும் துளிர்ப்பார் என்று இன்னொரு அழகான வாக்கியம் கைவசம் இருக்கிறது. அதை எழுதப்போவதில்லை.