நாக்பூர் என்று சொல்லக் கூடாது

எங்கள் மாதுங்கா வீட்டில் நாக்பூர் என்ற பெயரை யாரும் உச்சரிக்கக் கூடாது. சந்தையில் நாக்பூர் ஆரஞ்சு வாங்கி வந்தால்கூட வெறும் ஆரஞ்சு என்றுதான் சொல்வோம். காரணம், என் அத்தை. அறுபதுகளின் இறுதியில் அவள் ஒரு மராத்தி இளைஞரை மணந்துகொண்டு அந்த ஊருக்குப் போய்விட்டாள். ஆச்சி கண்ணை மூடும்வரை அத்தையால் எங்கள் வீட்டுப் படியேற முடியவில்லை.

முதல் நாவலுக்கு இதைவிட நல்ல கதை வேண்டுமா? காதலர்கள், கண்ணீர், கல்நெஞ்சக்காரியான ஒரு தாய். இருநூறு பக்கங்களை மளமளவென்று எழுதினேன். திரும்பப் படித்தபோது எனக்கே அலுப்பாக இருந்தது. ஏனென்று விளங்கவில்லை.

விளங்க வைத்தது, ஷ்யாம் செல்வதுரை ஆங்கிலத்தில் எழுதி 1994இல் வெளிவந்த 'ஃபன்னி பாய்' நாவல். கொழும்பில் தமிழ்த் தந்தைக்கும் சிங்களத் தாய்க்கும் பிறந்தவர் அவர். 1983 இனக்கலவரத்துக்குப் பின் குடும்பத்தோடு கனடாவுக்குப் புலம்பெயர்ந்தபோது அவருக்கு வயது 19. நாவலின் அர்ஜி, புடவை கட்டி மணப்பெண்ணாக விளையாடும் சிறுவன். வளர்ந்தபின் உடன் படிக்கும் சிங்கள மாணவனைக் காதலிக்கிறான். வீட்டில் வாய்திறக்க முடியாத காதல்.

அதற்கு முன்பே, அவனுடைய அத்தை ராதாவுக்கு ஒரு சிங்கள இளைஞனோடு ஏற்பட்ட நேசம் முறிவதை அவன் பார்த்திருக்கிறான். பாட்டி அதை மூர்க்கமாக எதிர்க்கிறாள். அவளுடைய தகப்பனார் முந்தைய கலவரம் ஒன்றில் சிங்களக் கும்பலால் கொல்லப்பட்டவர். பிறகு ராதா வந்த ரயிலே தாக்கப்படுகிறது. அவள் வேறொருவரை மணக்கிறாள். 1983இல் அர்ஜியின் வீடும் எரிகிறது. தன்னை ஏற்றுக்கொள்ளாத அந்த வீட்டுக்காகத்தான் அவன் கடைசியில் அழுகிறான்.

புத்தகத்தை மூடிய இரவில் தாத்தாவின் நெற்றித் தழும்பு ஞாபகம் வந்தது. அறுபதுகளின் பிற்பகுதியில் பம்பாயில் தென்னிந்தியர்களுக்கு எதிரான கிளர்ச்சி நடந்தது. உடுப்பி ஓட்டல்கள் தாக்கப்பட்டன. தாத்தாவின் இட்லிக் கடையிலும் கல் விழுந்தது. நெற்றியில் ஏழு தையல். அடுத்த மாதம்தான் அத்தை தன் காதலைச் சொன்னாள். இதெல்லாம் எனக்குத் தெரியும். தெரிந்தே நாவலில் விட்டிருந்தேன். எழுதினால் ஆச்சி மேல் உள்ள கோபம் குறைந்துவிடுமே!

கையெழுத்துப் பிரதியோடு நாக்பூருக்கு ரயிலேறினேன். அத்தை இரண்டே நாளில் படித்து முடித்தாள்.

"ஏட்டி, எங்கம்மைய ஏன் இப்படி அரக்கியா எழுதிட்டே? அவ பயந்து நடுங்கிக்கிட்டு இருந்தா. அதை யாரு எழுதுவா?"

"அப்போ ஆச்சி செஞ்சது சரியா, அத்தை?"

"சரின்னு நான் சொன்னேனா? கடைசி வரைக்கும் முகத்தைக்கூடப் பார்க்க விடலியே."

இந்த இரண்டு பதில்களையும் ஒரே பக்கத்தில் எழுத முடியுமா என்பதுதான் என் பிரச்னை. காதலர்கள் பக்கம் வாசகர் தானாகவே வந்துவிடுவார். தடுத்தவரின் பயத்தையும் சொல்லி, அவர் இழைத்த கொடுமையையும் குறைக்காமல் வைப்பது பெரும்பாடு.

ஆச்சியின் அத்தியாயத்தைத் திரும்ப எழுதினேன். முதல் வரியில் கல் விழுகிறது. கடைசி வரியில், யாருமில்லாத அடுக்களையில், ஆரஞ்சை உரித்துக்கொண்டே ஆச்சி ஒரே ஒருமுறை நாக்பூர் என்று சொல்கிறாள். அது என் கற்பனை. அத்தையிடம் காட்டினேன். அந்த வரியை அடிக்கச் சொல்லவில்லை.