சிபாரிசு வேணுமா, சிபாரிசு!

சிபாரிசுக் கடிதம் வாங்குவதில் நம்மை யாரும் மிஞ்ச முடியாது. ஸ்கூல் அட்மிஷனுக்கு ஒன்று, டிரான்ஸ்ஃபருக்கு ஒன்று, ஆஸ்பத்திரியில் பெட் கிடைக்க ஒன்று. எம்.எல்.ஏ.வின் மச்சானுக்குத் தெரிந்தவரைத் தெரிந்தவர் என்று ஒருத்தர் எல்லாக் குடும்பத்திலும் இருப்பார். அதனால், 2023-ல் நியூஜெர்ஸியில் அக்கா வீட்டுக்குப் போயிருந்தபோது, அமெரிக்காவில் மிலிட்டரி காலேஜில் சேர எம்.பி.யின் சிபாரிசு சட்டப்படியே வேண்டும் என்று கேள்விப்பட்டதும் எனக்கு ஒரே குஷி. அட, நம்ம ஊர் மாதிரியேதான்!

சேர ஆசைப்பட்டது அக்கா பையன். அங்கேயே பிறந்தவன். பதினேழு வயசு. இட்லியை ஃபோர்க்கால் குத்திச் சாப்பிடுகிற ரகம். அக்கா அவனை டாக்டராக்கக் கனவு கண்டிருக்க, அவனோ ராணுவ அதிகாரியாவேன் என்று ஒற்றைக் காலில் நின்றான்.

அங்கே இதற்கு அரசாங்க அகாடமிகள் ஐந்து. தரைப்படைக்கு வெஸ்ட் பாயிண்ட் (1802-ல் ஆரம்பித்தது), கடற்படைக்கு அனாபொலிஸ், விமானப்படைக்கு கொலராடோ ஸ்பிரிங்ஸ், வணிகக் கப்பல்களுக்கு கிங்ஸ் பாயிண்ட், கடலோரக் காவலுக்கு நியூ லண்டன். (இந்த லண்டன் கனெக்டிகட் மாநிலத்தில் இருக்கிறது, பயப்படாதீர்கள்.) நாலு வருஷப் படிப்பு. படிப்புக்கு பீஸ் கிடையாது, கிங்ஸ் பாயிண்ட் தவிர மற்றவற்றில் மாசாமாசம் கையில் பணமும் தருவார்கள். பதிலுக்கு, பாஸான பிறகு பொதுவாக ஐந்து வருஷமாவது சேவை செய்தாக வேண்டும்.

கடைசியாகச் சொன்ன கடலோரக் காவல் அகாடமிக்கு மட்டும் சிபாரிசு வேண்டாம். மற்ற நாலுக்கும் 'நாமினேஷன்' இல்லாமல் உள்ளே கால் வைக்க முடியாது. தன் தொகுதி எம்.பி. ஒருவர், மாநிலத்தின் இரண்டு செனட்டர்கள், (கிங்ஸ் பாயிண்ட் தவிர மற்றவற்றுக்கு) துணை ஜனாதிபதி என்று தட்டவேண்டிய கதவுகள் நாலு. ஒவ்வொரு கதவுக்கும் தனி ஃபாரம், தனிக் கட்டுரை, தனிக் கடைசித் தேதி.

இதைக் கேட்டதும் அத்தான் நிமிர்ந்து உட்கார்ந்தார். "நம்ம சங்கப் பொங்கல் விழாவுக்கு அந்த எம்.பி. வந்தாரே! பக்கத்துல நின்னு போட்டோ எடுத்துக்கிட்டேன். ஒரு போன் போட்டா முடிஞ்சது" என்றார்.

பையன் பதறிவிட்டான். "அப்பா, ப்ளீஸ்! நீங்க போன் பண்ணினா என் பேருக்குப் பக்கத்துல கரும்புள்ளி வெச்சிடுவாங்க. கேக்கறதை நான்தான் கேக்கணும்."

அவன் சொன்னதுதான் சரி. அந்த அலுவலகங்கள் அப்பா அம்மா பேசுவதை விரும்புவதில்லை. விண்ணப்பித்த பையனோ பெண்ணோதான் பேச வேண்டும். பொங்கல் போட்டோ மறுபடி ஆல்பத்துக்கே போயிற்று.

இந்த ஏற்பாடு ஏன் என்று அவனிடமே கேட்டேன். தொகுதிக்கு ஒரு பையன் என்று வெஸ்ட் பாயிண்டுக்கு 1843-லேயே சட்டம் போட்டுவிட்டார்களாம். பெரிய ஊர்ப் பணக்கார வீட்டுப் பிள்ளைகளே எல்லா இடத்தையும் அள்ளிக்கொண்டு போகாமல், நாட்டின் மூலை முடுக்கிலிருந்தும் அதிகாரிகள் வரவேண்டும் என்பது கணக்கு. பெண்களைச் சேர்க்க ஆரம்பித்தது 1976-ல்.

இப்போது தரை, கடல், விமானம் மூன்று அகாடமிகளிலும், ஒரு எம்.பி. அல்லது செனட்டரின் கணக்கில் ஒரே சமயத்தில் ஐந்து பேர்தான் இருக்கலாம். நாலு வருஷப் படிப்பாச்சே, ஆக ஓர் அகாடமியில் வருஷத்துக்கு ஓர் இடம், அதிர்ஷ்டம் இருந்தால் இரண்டு. அந்த ஓர் இடத்துக்கு எம்.பி. பல பெயர்களை அனுப்பலாம். அதிலிருந்து பொறுக்குவது பெரும்பாலும் அகாடமி. அதாவது நாமினேஷன் என்பது ஸீட் இல்லை சார், க்யூவில் நிற்க டோக்கன்!

டோக்கன் வந்தாலும் மார்க், மெடிக்கல், உடல்தகுதி எல்லாம் பாக்கி. உடல்தகுதியில் ஒரு வேடிக்கை. முட்டி போட்டபடியே பாஸ்கெட் பாலை எவ்வளவு தூரம் எறிகிறான் என்று பார்ப்பார்கள். நம் ஊரில் வீட்டுப்பாடம் எழுதாதவனுக்குத் தருகிற தண்டனை, அங்கே தேர்வு! அதோடு புல்-அப்ஸ், புஷ்-அப்ஸ், ஒரு மைல் ஓட்டம். சாயங்காலமானால் டேப்பும் கையுமாகத் தோட்டத்தில் நிற்பது என் டியூட்டி. "மாமா, சரியா அளங்க, அரை அடி சேத்துடாதீங்க" என்பான். நாணயஸ்தன்.

எல்லாவற்றையும்விட அவனைப் படுத்திய கேள்வி ஒன்று, எல்லா ஃபாரத்திலும் இருந்தது. 'அகாடமிகளை உன் விருப்ப வரிசையில் எழுது.' ஒருத்தருக்கு ஒரே ஓர் அகாடமிக்குத்தான் நாமினேஷன் என்று வைத்திருக்கிற அலுவலகங்களும் உண்டு. அங்கே இந்த வரிசைதான் தலையெழுத்து.

"எல்லாத்துக்கும் போட்டுவை, கிடைச்சதுல சேரு" என்றார் அத்தான். வேலைக்கு மனு போடுகிற நம் எல்லோருடைய ஃபார்முலாவும் அதுதானே!

"போடறேன்ப்பா. ஆனா இன்டர்வியூல 'ஏன் இது முதல், ஏன் அது ரெண்டாவது'ன்னு கேப்பாங்க. கிடைச்சா போதும்னா சொல்ல முடியும்?"

அக்கா அதுவரை வாயே திறக்கவில்லை. அன்று ராத்திரி பாத்திரம் கழுவிக்கொண்டே என்னிடம் சொன்னாள்: "அந்தக் கடலோரக் காவலை முதல்ல போடச் சொல்லுடா. அவங்க முழுகுறவங்களைக் காப்பாத்துறவங்களாமே. யாரையும் சுடவேண்டாம், யாரும் சுடவும் மாட்டாங்க." அவள் பயம் எனக்குப் புரிந்தது. ஐந்து வருஷம் என்பது பையனுக்கு ஒரு வரி. தாய்க்கு ஆயிரத்து எண்ணூறு ராத்திரி.

பையன் மூன்று நாள் யோசித்தான். நாமினேஷன் ஃபாரங்களில் அனாபொலிஸ் முதல், வெஸ்ட் பாயிண்ட் இரண்டு. அம்மாவுக்காகக் கடலோரக் காவலுக்கும் தனியாக ஒரு மனு. அவன் எழுதியதை ஒரு வரிகூட மாற்றாமல் காப்பி எடுத்து, தேதிவாரியாக ஃபைல் போட்டு வைத்தது அக்காதான்.

நான் ஊருக்குக் கிளம்புவதற்கு முன்னால், நவம்பரில், எம்.பி.யின் குழு முன் இன்டர்வியூ. எதிரே ஐந்து பேர், அதில் ஓய்வுபெற்ற அதிகாரிகளும் உண்டு. கப்பல், என்ஜின் என்று கேட்டுவிட்டு ஒருவர் சட்டென்று, "உன் வீட்டில் இதற்குச் சம்மதமா?" என்றாராம்.

"அம்மாவுக்குச் சம்மதம் இல்லை சார். ஆனா இந்த ஃபைலை அடுக்கினது அவங்கதான்" என்றிருக்கிறான்.

"இந்த வருஷம் கிடைக்காவிட்டால்?"

"ஒரு வருஷம் காலேஜில் படிச்சுட்டு மறுபடி இங்கேயே வந்து நிப்பேன்."

காரில் வரும்போது இதை அவன் சொல்ல, முன் ஸீட்டில் அக்கா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். வெளியே பார்க்க ஒன்றும் இல்லை, வெறும் பெட்ரோல் பங்க்.

டிசம்பரில் சென்னைக்குப் போன் வந்தது. எம்.பி. அனாபொலிஸுக்கு, ஒரு செனட்டர் வெஸ்ட் பாயிண்டுக்கு, ஆக இரண்டு நாமினேஷன். மற்ற இரண்டு கதவும் திறக்கவில்லை. 2024 வசந்தத்தில் அகாடமிகளின் முடிவு. ஒன்று 'இல்லை' என்றது. அனாபொலிஸ் 'வா' என்றது. கடலோரக் காவலும் 'வா' என்றது!

மே 1-க்குள் பதில் சொல்ல வேண்டும். அக்கா அடம் பிடித்திருந்தால் அவன் கேட்டிருப்பான், அப்படிப்பட்ட பிள்ளை. அதனால்தான் அவள் ரொம்ப யோசித்திருக்க வேண்டும். கடைசியில் ஃபைலை எடுத்துவந்து அவன் முன்னால் பிரித்து வைத்தாளாம். "முதல் வரியில என்ன எழுதினியோ, அங்கேயே போ." ஜூன் கடைசியில் அவன் மொட்டைத் தலையோடு வரிசையில் நிற்கிற போட்டோ வந்தது. அவளுடைய ராத்திரிக் கணக்கு இன்னும் ஆரம்பிக்கவில்லை. படிப்பு முடிந்த பிறகுதான் அது.

நம் ஊர் இளைஞர்களுக்கு ஒரு வார்த்தை. இங்கே எம்.பி. கடிதமெல்லாம் தேவையில்லை. டிகிரி முடிக்கிறவர்களுக்கு யு.பி.எஸ்.ஸி. நடத்தும் சி.டி.எஸ். தேர்வு இருக்கிறது. டேராடூன், எழிமலை, ஹைதராபாத் பக்கம் துண்டிகல், நம்ம பரங்கிமலை என்று அகாடமிகள். எழுத்துத் தேர்வு தாண்டினால் ஐந்து நாள் எஸ்.எஸ்.பி. இன்டர்வியூ. அதில் தேறியவர்களுக்கு அவர்கள் சொல்கிற வார்த்தை என்ன தெரியுமா? 'ரெகமண்டட்', அதாவது சிபாரிசு செய்யப்பட்டவர். அந்தச் சிபாரிசை நீங்களே வியர்வை சிந்தித்தான் சம்பாதிக்க வேண்டும்.

அந்த ஃபாரத்திலும் விருப்ப வரிசை கேட்பார்கள். அப்பாவைக் கேளுங்கள், அம்மாவைக் கேளுங்கள், மாமாவைக்கூடக் கேளுங்கள். முதல் கட்டத்தை மட்டும் நீங்களே நிரப்புங்கள்.